முற்றத்துக் காற்றாடி விளக்கு ஏற்றுமா?

வீட்டுக்கு வேண்டிய விஞ்ஞானம்



ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது பழமொழி. அம்மி பறந்ததைக் கண்டவர் எவரும் இலர். ஆயினும் ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஒரு நாழிகை நின்று பார்த்தவர்கள் அப்பழமொழியை வெறும் கற்பனை என்று தள்ளத் துணியமாட்டார்கள். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதித் தடைப்பட்டு, பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி ஆகிய இடைவெளிகளின் வழியே கிழக்கு நோக்கிப் பாய்கிறது. அகன்று ஓடும் ஆறு மதகில் புகும்போது விரைவு கொள்வதைப் போன்றதே இதுவும். மூவேந்தரும் பந்தலிட்ட இடம் என்று செவிவழிச் செய்தி கூறும் முப்பந்தல், இன்று காற்றாலைகளாலேயே உலகறிந்த ஊராகிவிட்டது. 1986-இல் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் 55 கிலோவாட் திறனுடைய சிறு எந்திரங்களோடு தொடங்கிய முயற்சி வளர்ந்து, தமிழகக் காற்றாலைகளின் மொத்தத் திறன் 10,000 மெகாவாட்டைக் கடந்துவிட்டது. முப்பந்தல் வட்டாரத்தில் மட்டும் அது ஏறத்தாழ 1,500 மெகாவாட்.

இவற்றைப் பேருந்தில் இருந்தபடியே நாள்தோறும் பார்த்துச் செல்லும் நம் மாவட்டத்து மக்களுக்கு, "இதில் ஒரு சிறு பங்கு நம் வீட்டு முற்றத்திலும் கிடைக்காதா?" என்ற எண்ணம் எழுவது இயல்பே. கருங்கல் பகுதியிலிருந்து வாசகர் சிலர் இதையே வெவ்வேறு சொற்களில் கேட்டிருக்கிறார்கள். தோட்டத்தில் அழகுக்காக நிறுத்தும் தகரக் காற்றாடிகள் இப்போது கடைகளில் விற்கப்படுகின்றன. அதன் அச்சில் ஒரு டைனமோவைப் பொருத்தினால் விளக்கு எரியுமா? கைப்பேசிக்கு மின்னூட்ட முடியுமா? "மாதந்தோறும் மின்கட்டணம் மிச்சம்" என்று விளம்பரம் செய்வோர் கேட்கும் பணத்தைக் கொடுக்கலாமா?

இக்கேள்வியின் பின்னே ஒரு வேதனையும் இருக்கிறது. 2017 நவம்பர் 30-ஆம் நாள் வீசிய ஒக்கிப் புயலை நம் மாவட்டம் மறந்துவிடவில்லை. தென்னையும் ரப்பரும் வாழையும் சரிந்தன. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. கடலுக்குச் சென்ற மீனவர் பலர் கரை திரும்பவில்லை. அவர்களைப் பற்றி ஒரு சொல்லேனும் வராதா என்று ஏங்கியிருந்த வீடுகளில், செய்தி சொல்லவேண்டிய கைப்பேசிகள் மின்னூட்டமின்றி ஊமையாகிக் கிடந்தன. அத்தகைய இரவுகளை அனுபவித்தவர்களுக்கு ஒரு சிறு விளக்கின் மதிப்பை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே இக்கேள்வியை விளையாட்டாகக் கொள்ளாமல், கணக்கிட்டே விடை காண்போம்.

தோட்டத்தில் பிறந்த மின்சாரம்

முதலில் ஒரு செய்தி. காற்றிலிருந்து மின்சாரம் எடுக்கும் கலை பிறந்ததே ஒரு வீட்டுத் தோட்டத்தில்தான். கிளாஸ்கோ நகரக் கல்லூரிப் பேராசிரியர் ஜேம்ஸ் பிளைத் என்பவர், ஸ்காட்லாந்தின் மேரிகெர்க் என்னும் சிற்றூரில் தம் விடுமுறைக் குடிலின் தோட்டத்தில், 1887 ஜூலையில், துணிப்பாய் கட்டிய ஒரு காற்றாடியை நிறுத்தினார். அது பாட்டரிகளில் மின்சாரத்தைச் சேமித்தது. அதைக் கொண்டு குடிலில் விளக்குகள் எரிந்தன. எஞ்சிய மின்சாரத்தால் ஊரின் பெருந்தெருவுக்கு விளக்கேற்றித் தருவதாக அவர் முன்வந்தபோது, "இது பேயின் வேலை" என்று ஊரார் மறுத்துவிட்டதாகச் சொல்லப்படுகிறது.

அடுத்த ஆண்டே அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரில் சார்லஸ் பிரஷ் என்பவர் தம் மாளிகையின் பின்புறத்தில் ஒரு பெருங்காற்றாடியை எழுப்பினார். அதன் சக்கரம் 17 மீட்டர் அகலம். தேவதாரு மரத்தாலான 144 இறக்கைகள் அதில் இருந்தன. அவ்வளவு பெரிய சக்கரம் தந்த மின்சாரம் அதிக அளவாக 12 கிலோவாட்டே. டென்மார்க்கில் ஆஸ்கோவ் என்ற ஊரின் மக்கள் கல்லூரியில் ஆசிரியராயிருந்த பால் லா கூர், 1891 முதல் ஆராய்ந்து, மின்சாரத்துக்கு ஏற்றவை விரைந்து சுழலும் சில இறக்கைகளே, மெல்லச் சுழலும் பல இறக்கைகள் அல்ல என்று தெளிந்தார். முப்பந்தல் எந்திரங்களில் மூன்றே இறக்கைகள் இருப்பதன் காரணம் இதுவே. கடையில் விற்கும் அழகுக் காற்றாடியில் பூவிதழ் போல் பத்தும் இருபதும் இறக்கைகள் இருப்பதை இங்கே நினைவிற்கொள்க. அது கண்ணுக்காகச் செய்யப்பட்டதேயன்றி மின்சாரத்துக்காகச் செய்யப்பட்டதன்று.

கணக்கு என்ன சொல்கிறது?

காற்றிலுள்ள ஆற்றலை மூன்று பொருள்கள் முடிவு செய்கின்றன: காற்றின் அடர்த்தி, சக்கரம் மறைக்கும் பரப்பு, காற்றின் வேகம். இவற்றுள் வேகமே தலையாயது. வேகம் இரு மடங்கானால் ஆற்றல் இரு மடங்காவதில்லை, எட்டு மடங்காகிறது. ஏனெனில் அதே நேரத்தில் இரு மடங்கு காற்று சக்கரத்தின் வழியே செல்கிறது. அந்தக் காற்றின் ஒவ்வொரு கிலோவும் நான்கு மடங்கு ஆற்றலைச் சுமந்து வருகிறது. வேகம் பாதியானால் எட்டில் ஒரு பங்கே மிஞ்சும் என்பது இதன் மறுபக்கம். இந்த மறுபக்கத்தைத்தான் விளம்பரங்கள் சொல்வதில்லை.

இரண்டு அடி, அதாவது 60 சென்டிமீட்டர் அகலமுள்ள ஓர் அழகுக் காற்றாடியை எடுத்துக்கொள்வோம். நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் வரும் மெல்லிய காற்றில், அதன் பரப்பின் வழியே செல்லும் ஆற்றல் ஏறத்தாழ நாலரை வாட். 5 மீட்டர் வேகத்தில் 21 வாட். 10 மீட்டர் வேகத்தில் 170 வாட்.

இதை முழுவதும் நாம் பறித்துக்கொள்ள முடியாது. முழுவதையும் பறித்தால் காற்று சக்கரத்தின் பின்னே அசையாமல் நின்றுவிடும். பின்வரும் காற்றுக்கு வழி ஏது? எவ்வளவு திறமையாகச் செய்த எந்திரமும் 59.3 விழுக்காட்டுக்கு மேல் எடுக்க இயலாது என்று ஜெர்மானிய அறிஞர் ஆல்பர்ட் பெட்ஸ் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் கணித்துக் காட்டினார். தட்டையான தகர இறக்கைகளும் உராயும் அச்சும் கொண்ட அழகுக் காற்றாடி 15 விழுக்காடு எடுத்தால் அதுவே நல்ல காற்றாடி. அதில் பாதியை டைனமோவும் கம்பிகளும் விழுங்கிவிடும்.

ஆக, 5 மீட்டர் வேகக் காற்றில் நம் கைக்கு வருவது ஒன்றரை வாட். 3 மீட்டர் வேகத்தில் வரவேண்டியது அரை வாட்டுக்கும் குறைவு. அதையும் பெரும்பாலும் அச்சின் உராய்வே தின்றுவிடும்.

நல்ல காற்றுள்ள நாளில் சராசரியாக அரை வாட் வீதம் 10 மணி நேரம் கிடைத்தது என்று தாராளமாகவே கொள்வோம். ஒரு நாளைக்கு 5 வாட்-மணி. மின்வாரியக் கணக்கில் ஒரு யூனிட் என்பது 1,000 வாட்-மணி. எனவே ஒரே ஒரு யூனிட் சேர 200 நாள்கள் ஆகும்! தமிழகத்தில் வீடுகளுக்கு இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகவே தரப்படுகிறது. மின்கட்டணத்தைக் குறைப்பதற்கென்று அழகுக் காற்றாடியில் பணம் போடுவது, கிணற்று நீரை மிச்சப்படுத்தப் பனித்துளியைச் சேர்ப்பதற்கு ஒப்பாகும்.

அப்படியானால் பயனே இல்லையா? அப்படியும் சொல்லிவிட முடியாது. அரை வாட் எல்.இ.டி. விளக்கு ஒன்று ஓர் அறையில் தட்டுத்தடுமாறாமல் நடக்கப் போதிய ஒளி தரும். 5 வாட்-மணியில் பாட்டரியின் இழப்புப் போக நான்கு மிஞ்சினால், அவ்விளக்கு 8 மணி நேரம், அதாவது ஓர் இரவு முழுவதும் எரியும். முதியவர் இருக்கும் வீட்டில், குளியலறைக்குச் செல்லும் வழியில், ஓர் இரவு விளக்கு. இக்காலக் கைப்பேசி ஒன்றுக்கு முழு மின்னூட்டம் தர ஏறத்தாழ 15 வாட்-மணி வேண்டும். அதற்கு இக்காற்றாடி நான்கு நாள் உழைக்க வேண்டும். இதுதான் உண்மையான அளவு. இதற்குமேல் வாக்களிப்பவரிடம் கணக்கைக் கேளுங்கள்.

கருங்கல்லில் காற்று எங்கே?

இனி, எல்லாவற்றினும் முக்கியமான கேள்வி. முப்பந்தலில் காற்று இருப்பதால் கருங்கல்லிலும் இருக்கும் என்று எண்ணுவது தவறு. ஒரே மாவட்டமாயினும் கணவாயின் வாய்க்கும் மேற்குப் பகுதியின் விளைகளுக்கும் பெரும் வேறுபாடு உண்டு. கருங்கல்லைச் சுற்றிலும் மேடும் பள்ளமுமான நிலம். விளைகளிலே தென்னை, பலா, அயினி, மா, புளி என்று மரங்கள் நெருங்கி நிற்கின்றன. தென்னை ஓலை மேலே ஆர்ப்பரிக்கும் வேளையில் கீழே முற்றத்தில் ஏற்றிய மெழுகுவர்த்தி அணையாமல் நிற்பதை நாம் பலமுறை பார்த்திருக்கிறோம். காற்று மரங்களின் தலைக்கு மேல் செல்கிறது. முற்றத்துக்கு வருவது அதன் எச்சமும் சுழலுமே. சுழன்று வரும் காற்றில் காற்றாடி திசை தெரியாமல் திரும்பித் திரும்பி நிற்கும்.

நூறு மீட்டர் சுற்றளவிலுள்ள எந்தத் தடையையும்விடப் பத்து மீட்டராவது உயரமாகக் காற்றாடி நிற்கவேண்டும் என்பது இத்துறையினர் பின்பற்றும் பொது விதி. அறுபது எழுபது அடித் தென்னைகளின் நடுவே அதற்கு நூறு அடிக் கோபுரம் வேண்டும். அது அழகுக் காற்றாடியின் வேலையன்று, அரை வாட்டுக்காகச் செய்யும் செலவுமன்று. ஆனால் மிடாலம், குறும்பனை, இனயம் போன்ற கடற்கரை ஊர்களில் கடலை நோக்கிய வீடுகளுக்கும், வயல்வெளியை ஒட்டிய வீடுகளுக்கும், திறந்த மொட்டைமாடிகளுக்கும் நிலைமை சற்று மேலானது. கடற்கரையில் உப்புக்காற்று தகரத்தையும் அச்சையும் விரைவில் அரித்துவிடும் என்பதை மட்டும் மறக்கலாகாது.

பணம் செலவிடுமுன் ஒரு மாதம் காற்றை அளந்து பாருங்கள். கருவி ஏதும் வேண்டியதில்லை. ஆங்கிலேயக் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் போபர்ட் 1805-இல் வகுத்த அளவுமுறை இன்றும் பயன்படுகிறது. காற்றாடி நிறுத்த எண்ணிய இடத்திலேயே ஒரு கழியில் மெல்லிய துணியைக் கட்டுங்கள். இலைகள் சலசலக்க, துணி சற்றே அசைந்தால் காற்றின் வேகம் நொடிக்கு 2 அல்லது 3 மீட்டர். இலைகளும் சிறு கொப்புகளும் ஓயாமல் அசைய, துணி விரிந்து பறந்தால் 4 அல்லது 5 மீட்டர். தூசியும் காகிதமும் எழும்பி, சிறு கிளைகள் ஆடினால் 6 அல்லது 7 மீட்டர். காலை, நண்பகல், மாலை, இரவு என நான்கு வேளை ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். துணி விரிந்து பறந்த வேளைகள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லையெனில், காற்றாடி அழகுக்கு மட்டும் இருக்கட்டும். அந்தப் பணத்துக்கு ஒரு சிறு சூரியப் பலகை வாங்குங்கள். 10 வாட் பலகை ஒன்று வெயில் நாளில் 40 வாட்-மணி தரும். நம் காற்றாடி தருவதைப்போல் இது எட்டு மடங்கு. மேகம் மூடிய ஆடி மாதத்தில் மட்டும் காற்றாடி அதற்குத் துணை நிற்கக்கூடும்.

செய்து பார்க்க விரும்புவோர்க்கு

காற்று உண்டு என்று நோட்டுச் சொன்னால் மேலே செல்லலாம். சைக்கிள் டைனமோவையே முதலில் எல்லாரும் நினைக்கிறார்கள். அது 6 வோல்ட், 3 வாட் தருவது. ஆனால் சைக்கிள் மணிக்கு 15 கிலோமீட்டர் செல்லும்போது டைனமோவின் சிறு தலை நிமிடத்துக்கு ஏறத்தாழ 4,000 முறை சுற்றுகிறது. நம் காற்றாடியோ 5 மீட்டர் வேகக் காற்றில் நிமிடத்துக்கு 160 சுற்றே சுற்றும். அச்சோடு அச்சாகப் பொருத்தினால் விளக்கு மினுங்கவும் செய்யாது. பற்சக்கரமோ பெல்ட்டோ வைத்து வேகத்தைக் கூட்டினால், இரண்டடிக் காற்றாடிக்கு அதை இழுக்கும் வலு போதாமல் நின்றுவிடும். நான்கடி அகலச் சக்கரமாயின் இழுக்கும்.

சிறு காற்றாடிக்கு ஏற்றது, பழுதான அச்சுப்பொறிகளில் கிடைக்கும் ஸ்டெப்பர் மோட்டார். மெல்லச் சுற்றினாலும் சில வோல்ட் தரும் இயல்புடையது அது. அதன் இரு கம்பிச் சுருள்களிலிருந்தும் வருவது மாறுமின்சாரம். ஒவ்வொரு சுருளுக்கும் நான்கு டயோடுகள் கொண்ட ஒரு பாலம் அமைத்து, நேர்மின்சாரமாக்கி, பிறகு இரண்டையும் இணைக்க வேண்டும். சாதாரண டயோடு இரண்டைக் கடப்பதில் மட்டும் ஒன்றேகால், ஒன்றரை வோல்ட் வீணாகும். ஷாட்கி வகை டயோடுகளில் இழப்பு பாதிக்கும் குறைவு. நாலைந்து வோல்ட் வருமிடத்தில் ஒரு வோல்ட் என்பது சிறிதன்று. இப்பாலமே, காற்று நின்ற வேளையில் பாட்டரி மின்சாரம் மோட்டாருக்குத் திரும்பி ஓடாமலும் தடுக்கும்.

பழைய சீலிங் ஃபேன் மோட்டாரைச் சிலர் முயல்கின்றனர். வழக்கமான ஃபேனில் நிலைக்காந்தம் இல்லாமையால் கையால் சுற்றினால் மின்சாரம் வராது. புதிதாக வந்துள்ள பி.எல்.டி.சி. ஃபேனில் காந்தம் உண்டு, அதிலிருந்து வரும். வாங்குமுன் இவ்வேறுபாட்டை அறிக.

அச்சுக்கு நல்ல பேரிங் போடுங்கள். தட்டை இறக்கையைச் சற்றே வளைத்துச் சாய்த்தால் பலன் கூடும். சேமிப்புக்கு, அவசரகால விளக்குகளில் உள்ள 6 வோல்ட், 4.5 ஆம்பியர்-மணி பாட்டரி போதும். அதில் 27 வாட்-மணி அடங்கும். பாதியையே பயன்படுத்தினாலும் அரை வாட் விளக்கு மூன்று இரவுகள் எரியும்.

சில எச்சரிக்கைகள். இக்கம்பிகளை வீட்டு மின்னிணைப்போடு ஒருபோதும் இணைக்கலாகாது. மின்தடை வேளையில் நம் வீட்டிலிருந்து கம்பியில் ஏறும் மின்சாரம், கம்பத்தின்மேல் நிற்கும் தொழிலாளியின் உயிரைக் குடிக்கக்கூடும். காற்றாடியை மின்கம்பிகளுக்கு அருகில் நிறுத்தலாகாது. இடிமின்னல் மிகுந்த சித்திரையிலும் ஐப்பசியிலும் இரும்புக் கழியைத் தொடவேண்டாம். பழைய மடிக்கணினிகளிலிருந்து எடுத்த லித்தியம் பாட்டரிகளைச் சிறுவர் கையில் கொடுக்கவேண்டாம். தவறாக மின்னூட்டினால் அவை தீப்பற்றும்.

யாவற்றினும் மேலாக, புயல் அறிவிப்பு வந்ததும் காற்றாடியைக் கழற்றி உள்ளே வையுங்கள். புயற்காற்றில் அது நிறைய மின்சாரம் தரும் என்று மயங்கவேண்டாம். இறக்கை கழன்றால் அது பறக்கும் கத்தி. ஒக்கி போன்ற இரவில் நமக்கு உதவுவது சுழலும் காற்றாடியன்று. அதற்கு முந்திய நாள்களில் சிறிது சிறிதாக அது நிரப்பி வைத்த பாட்டரியே.

சிறுமையின் பெருமை

இத்தனை சொல்லியும், ஒரு வீட்டில் பிள்ளைகள் இதைச் செய்ய விரும்பினால் தடுக்கவேண்டாம் என்றே சொல்வோம். ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டில், வில்லியம் கம்க்வாம்பா என்னும் சிறுவன் 2001-2002 பஞ்சத்தின்போது கட்டணம் கட்ட வழியின்றிப் பள்ளியை விட்டு நின்றான். ஊர் நூலகத்தில் கிடைத்த ஒரு பாடநூலின் படங்களைப் பார்த்து, யூகலிப்டஸ் மரக்கழிகளால் கோபுரம் கட்டி, பழைய டிராக்டரின் விசிறி, உடைந்த சைக்கிள், அதன் டைனமோ ஆகியவற்றைக் கொண்டு ஒரு காற்றாடியைச் செய்தான். ஊரார் அவனைப் பித்தன் என்றனர். சில வாட் மின்சாரமே வந்தது. ஆனால் மின்கம்பி எட்டாத அவ்வீட்டில் விளக்கு எரிந்தது. பின்னர் அவன் உயர்கல்வி பெற்றதையும் தன் ஊருக்கு நீரும் ஒளியும் கொண்டுவர உழைத்ததையும் உலகறியும்.

அங்கே அந்தச் சில வாட்கள் இன்றியமையாதவை. மின்சாரம் எட்டாத வீடே அரிதாகிவிட்ட நம் ஊரில் அவை அவ்வாறில்லை. ஆனால் ஒரு வாட்டைப் பெற எவ்வளவு காற்றும் உழைப்பும் வேண்டும் என்பதைத் தன் கையால் அறிந்த பிள்ளை, ஆளில்லா அறையில் 75 வாட் ஃபேன் வீணே சுழல்வதைக் கண்டால் தானே எழுந்து சென்று நிறுத்தும். இரண்டடிக் காற்றாடி ஒரு நாள் முழுவதும் தேடிச் சேர்த்ததை அந்த ஃபேன் நான்கு நிமிடத்தில் செலவழித்துவிடுகிறது! காற்றாடி தரும் மின்சாரத்தைவிட இந்த அறிவு மிச்சப்படுத்தும் மின்சாரம் பன்மடங்கு.

எனவே நம் விடை இது: மின்கட்டணத்தை மிச்சப்படுத்த வேண்டுமெனில் வாங்காதீர்கள். இரவு விளக்கு ஒன்றுக்காக எனில், காற்றை அளந்து பார்த்தபின் செய்யுங்கள். பிள்ளைகளின் கல்விக்காக எனில், தாராளமாகச் செய்யுங்கள். ஆனி மாதம் முதல் நாள் தொடங்கிக் காற்றைக் குறித்து வரும் நோட்டுகளை, ஊர்ப்பெயரோடு நமக்கு அனுப்பி வையுங்கள். எந்த ஊரில் எவ்வளவு காற்று என்பதை ஆவணித் திங்கள் இதழில் ஒருங்கே வெளியிடுவோம். அடுத்த திங்களில், மழைநீரைக் கிணற்றுக்குத் திருப்பும் முறை பற்றிக் காண்போம்.